ஜோடிக்கு மட்டும்

பழங்காநத்தத்தில் அந்த வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. ஊரில் மற்றவர்கள் எல்லாம் 'குடும்பத்துக்கு மட்டும்' என்று எழுதுவார்கள். இங்கே 'மாடி வாடகைக்கு, ஜோடிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வண்டிக்காரர் யாரையோ விட்டு அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் ஜோடி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றாராம். "மாடியில எப்படிம்மா மாட்ட ஏத்துறது? கீழயே கட்டிக்கிறட்டுமா?" என்று கேட்டாராம். இதை வீட்டுக்கார அம்மாவே எங்களிடம் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

"நல்ல ஜோடி. வலத்த இடத்த மாத்திக் கட்டினா ரெண்டும் நகராதாம். கீழ எடம் இருந்திருந்தா விட்டிருப்பேன்" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எங்க வீட்டுக்காரர் என் காலை மிதித்தார்.

தெருவில் அவரை 'மீன்கார அம்மா' என்றார்கள். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டி "அயிரை இருக்கா?" என்று கேட்பதும், அவர் கதவைச் சாத்துவதும் வழக்கமாக நடக்கும். முட்டைகூட வாசல்படி தாண்டாத சுத்த சைவ வீடு அது. சுங்குடிச் சேலை வியாபாரம் பார்த்த சௌராஷ்டிரக் குடும்பம். கணவருக்கு ரத்தக்கொதிப்பு வந்தபோது, மீன்தொட்டி ஒன்று வாங்கி வைத்து தினமும் பார்த்துக்கொண்டு உட்காருங்கள், மனசு அடங்கும் என்று டாக்டர் சொன்னாராம். "அவரு பார்த்தாரு. போயிட்டாரு. மீனு இருக்கு" என்பார் அம்மா. தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. குழந்தைகள் இல்லை. அவரும், கணவரின் தங்கையான நாத்தனாரும்தான் அந்த வீட்டில் இருந்தார்கள்.

வீடு பார்க்கப் போன அன்று எங்களை உட்காரச் சொல்லவில்லை. தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்தார். கட்டில் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பட்டம் விட்ட மாதிரி உயரமாக, தட்டையாக, கறுப்புக் கோடு போட்ட மீன்கள். மேலும் கீழும் துடுப்புகள் நீளமாகத் தொங்கின. ஏஞ்சல் மீன் என்றார். புரை விழுந்த கண்ணில் சோடாபுட்டி கண்ணாடியை ஏற்றி, எங்களையும் அப்படியே கண்ணாடிக்குள் இருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ரெண்டு பேரும் எதுக்கெல்லாம் சண்டை போடுவீங்க?"

"நாங்க சண்டையே போட்டதில்லைங்க" என்றேன் பெருமையாக. அப்போது எங்களுக்குப் புதுக் கல்யாணம். நான் தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட். வாய் எனக்கு ஊருக்கே கேட்கும். அவர் மில் ஆபீசில் கிளார்க், வாயில்லாப் பூச்சி. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று நானே சொன்னாலும் அதற்கும் "சரி"தான். எங்கே இருந்து சண்டை வரும்?

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. என் கழுத்தைப் பார்த்தார். "தாலி இருக்கு. ஜோடி இருக்கான்னு தெரியலையே" என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். முன்னால் குடியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் சத்தமே போடாதவர்களாம். ஒருநாள் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஆள் மாடிச் சாவியைக் கொண்டுபோய் அம்மாவின் கொழுந்தனார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கொழுந்தனார் வீட்டை விற்றுவிட வேண்டும் என்று வெகுகாலமாக ஒற்றைக் காலில் நிற்கிறவர். மாடியில் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அதைத் திரும்ப வாங்குறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் உசுரு போயி உசுரு வந்துச்சு. ஜோடியா இருந்தா எடத்த விட்டுக் குடுக்காது. இந்தா, இதுகளப் பாரு. அந்த மூலை இதுகளோடது. வேற ஒண்ணு கிட்ட வந்துருமா? எனக்கு மாடியில ஒரு ஜோடி வேணும்மா. வெறும் புருஷன் பொண்டாட்டி வேண்டாம்" என்றார். தை பிறக்கிறவரை இருந்து பாருங்கள், அதற்குள் ஜோடி என்று தனக்குத் தெரிந்தால் இருக்கலாம், இல்லையென்றால் சாவியைத் தன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்.

எனக்கு அந்த மாடி வேண்டும். வேண்டும் என்றால் உயிர் போகிற மாதிரி வேண்டும். சிம்மக்கல்லில் மாமியார் வீட்டில் இரண்டே அறைகள், அத்தனை பேர். எங்களுக்கு என்று மாமியாரின் பழைய சேலையைக் குறுக்கே கட்டிவிட்டிருந்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் மாமனார் இருமினால் இந்தப் பக்கம் என் தலையணை அதிரும். கதவு என்ற ஒன்றைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சுகத்துக்காக நான் எந்தப் பரீட்சைக்கும் தயாராக இருந்தேன். சரி என்றேன். அவரும் சரி என்றார்.

மதுரைக்கு டி.வி. வராத காலம். தொட்டிக்கு முன்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள். தபால்காரர், பால்காரர், நாத்தனாரிடம் தைக்கத் துணி கொண்டுவந்த பெண் என்று யார் நின்றாலும் அம்மா பாடம் எடுத்துவிடுவார். கூட்டமாகத் திரிகிறவற்றில் இரண்டு மட்டும் விலகி ஒரு மூலையைப் பிடித்தால் முதல் அடையாளம். அந்தப் பக்கம் வருகிறதை இரண்டும் சேர்ந்து விரட்டினால் அடுத்தது. ஒன்றுக்கு எதிரே ஒன்று நின்று காய்ச்சல்காரன் மாதிரி உடம்பை உதறினால் காரியம் முற்றிவிட்டது. அப்புறம்தான் வாயிழுவை.

"வாயோட வாய் கவ்விக்கிட்டு இழுக்கும்" என்று இரண்டு கைவிரல்களையும் கொக்கி மாதிரி கோத்து இழுத்துக் காட்டுவார். தபால்காரர் மேலே உத்தரத்தைப் பார்ப்பார். "பார்க்கிறவக சண்டைன்னு நெனப்பாக. எது மொத விடுதுன்னு பார்க்கணும். ரெண்டுமே விடலைன்னா ஜோடி. ஒண்ணு சட்டுனு விட்டுட்டா அது ஜோடி இல்ல, பயந்தாங்கொள்ளி." இதைச் சொல்லும்போது அவர் கண் எங்க வீட்டுக்காரர் மேல் இருக்கும்.

கடைசி அடையாளம் சிலேட்டு. பிள்ளைகள் எழுதுகிற கல் சிலேட்டில் மரச்சட்டத்தைக் கழற்றித் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்தார். ஜோடி சேர்ந்தவை அந்தச் சிலேட்டை வாயால் கொத்திக் கொத்திப் பளிச்சென்று துடைக்கும். துடைத்தால் முட்டை நிச்சயம். மூலையைப் பிடித்திருந்த அந்த இரண்டையும் அவர் 'மொதலாளி', 'மொதலாளியம்மா' என்றுதான் சொல்வார். அதுகள் சிலேட்டைத் துடைக்க ஆரம்பித்தால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது. கரண்ட் போய்க் காற்று மோட்டார் நின்றுவிட்டால், அம்மாவும் நாத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று டம்ளரில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றுவார்கள். நானும் ஆபீஸ் சேலையோடு நின்று ஊற்றியிருக்கிறேன்.

தீவனம் கொசுப்புழு. பின்கட்டில் வரிசையாக மண்பானைகளில் தண்ணீர் வைத்து அதை வளர்த்தார். எங்களை ராத்திரி பகல் பார்க்காமல் கொசு பிய்த்தது. கொசு ஒழிப்புக்காரர் ஒருவர் பம்ப்போடு வந்து பானைகளைப் பார்த்து மலைத்துப் போனார். "என்னம்மா இது, பயிர் வச்சிருக்கீக?" என்றார்.

"இந்தப் புழுவுல ஒண்ணையாவது கொசுவா வெளிய விட்டிருக்கேன்னு காமிங்க பார்ப்போம். உங்க வேலையத்தான் என் மீனு செய்யுது. சம்பளம் வாங்காமச் செய்யுது" என்றார் அம்மா. என் கை முழுக்கத் தடிப்பு. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். வீடு வேண்டுமே. அந்த மனிதரைத் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்து வாயிழுவைவரை சொல்லிக்கொடுத்தார். அடுத்த தடவை வந்தபோது அவர் பம்ப் கொண்டுவரவில்லை. ஒரு பாட்டில் நிறையக் காளவாசல் பக்கத்துக் கொசுப்புழு கொண்டுவந்தார்.

முட்டை வைக்கும். சும்மா இல்லை, சிலேட்டை மறைக்கிற அளவுக்கு வரிசை வரிசையாக, கண்ணாடி மணி ஒட்டின மாதிரி வைக்கும். "எம்புட்டு முட்டை பாரு! எந்த ஏஞ்சலு இம்புட்டு வைக்கும்!" என்று அம்மா பூரிப்பார். இரண்டு மீனும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறும். ஆனால் ஒவ்வொரு தடவையும் முட்டைகள் ஓரிரு நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்புறம் அதுகளே தின்றுவிடும்.

"மொதப் பிரசவம். அப்படித்தான் இருக்கும்" என்பார் அம்மா.

"இது எத்தனாவது மொதப் பிரசவம்?" என்று அடுப்படியிலிருந்து நாத்தனார் குரல் வரும். அந்த அம்மாளிடமிருந்து நாங்கள் கேட்கிற தமிழ் பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் சௌராஷ்டிரம். காலையில் வாசலில் ஒருவர் தண்ணீர் தெளிக்க ஒருவர் கோலம் போட, புள்ளி கோணலாகிவிட்டது என்று தொடங்குகிற சண்டை காபி, குழம்பு, விளக்கு அணைப்பது என்று நாள் முழுக்க ஓடும். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. முட்டை வெளுத்த அன்று மட்டும் வீடு அமைதியாக இருக்கும். அன்றைக்கு அம்மா சாப்பிடமாட்டார். தட்டு வைத்தால் தள்ளிவிடுவார்.

தை நெருங்கிவிட்டது. "கொஞ்சம் சண்டை போடுங்களேன்" என்று எங்க வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன்.

"சரி. எதுக்குப் போடணும் சொல்லு."

"சாம்பாருல உப்பு இல்லைன்னு போடுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, "இன்று சாம்பாரில் உப்பு இல்லை. இதை நான் கண்டிக்கிறேன்" என்றார். நான் தட்டைத் தரையில் போட்டுக் கத்தினேன். "சரி விடு, நல்லாத்தான் இருக்கு" என்று அவர் முடித்துவிட்டார். மறுநாள் கீழே அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நேத்து சத்தம் கேட்டுச்சு. ரேடியோவுல விவசாயச் செய்தி படிச்ச மாதிரி இருந்துச்சு. உங்க வீட்டுக்காரரு கவ்வவே இல்லையேம்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிம்மக்கல்லும் சேலைத் திரையும் கண்முன் வந்து நின்றன.

ஆனால் ஒன்று. சண்டை போடத் தெரியாத மனிதருக்குப் பார்க்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு ஞாயிறு காலை முட்டை வைக்கிற நேரம். பார்த்துவிட்டு மாடிக்கு வந்தவர் முகம் சரியில்லை.

"ரெண்டும் பொண்ணு" என்றார்.

"எது?"

"மொதலாளியும் மொதலாளியம்மாவும். ஒண்ணு சிலேட்டுல மேல போயி முட்டை வச்சுது. அது எறங்கினதும் இன்னொண்ணு போச்சு. அதுவும் முட்டைதான் வச்சுது. முட்டை வர்ற குழாயப் பார்த்தேன். ஆணுக்குச் சீவின பென்சில் மாதிரி இருக்கும், பொண்ணுக்குச் சீவாத பென்சில் மாதிரி இருக்கும்னு அம்மாதானே சொன்னாங்க. ரெண்டுமே சீவாத பென்சில். அதான் அம்புட்டு முட்டை. அதான் எல்லாம் வெளுக்குது. அவங்க கண்ணுக்குத் தெரியலை."

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க" என்றேன்.

"சொல்லணும்."

"சொல்லக்கூடாது! அந்தம்மாவுக்கு அந்த ஜோடிதான் உலகம். அது ஜோடியே இல்லைன்னு சொல்லிட்டு நாம இங்க குடியிருக்க முடியுமா? பேசாம இருங்க."

வழக்கமாக இந்த இடத்தில் 'சரி' வரும். நான் காத்திருந்தேன்.

"சரியில்லை" என்றார். "முட்டை வெளுக்குற அன்னைக்கெல்லாம் அந்தம்மா பட்டினி கிடக்குறாங்க. ஒரு ஆண் மீன வாங்கி விட்டா குஞ்சு பொரிக்கும். தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருக்க என்னால முடியாது."

"அப்போ சிம்மக்கல்லுக்குப் போயி உங்கப்பா இருமலக் கேட்டுக்கிட்டுக் கிடங்க!"

"கேக்கறேன்! எங்கப்பா இருமினா உனக்கென்ன?"

அடேயப்பா! மனுஷனுக்குள் இவ்வளவு குரல் இருந்ததா? நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, எங்கள் கல்யாணத்தில் என் சித்தப்பா பந்தியில் கோபித்துக்கொண்டதுவரை போய்விட்டது. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. திரும்பினால் வாசலில் அம்மா நிற்கிறார். முட்டிவலி என்று மாடிப் பக்கமே வராதவர், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கண்ணெல்லாம் சிரிப்பு.

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க! கீழயிருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ரெண்டு பேருமே விடலையே! இதுக்கு மேல தை எதுக்கு, மாசி எதுக்கு? ஜோடிதான். வீடு உங்களுக்கு" என்றார். அப்புறம் ஆசையாகக் கேட்டார். "எதுக்குச் சண்டை?"

நான் எங்க வீட்டுக்காரர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினேன். அவர் கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார். "உங்க மீனு ரெண்டும் பொண்ணும்மா."

அம்மா திரும்பி, நாங்கள் பின்னாலேயே வர, ஒவ்வொரு படியாக இறங்கினார். தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். உள்ளே இரண்டும் முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தன.

"பென்சில் சீவலையா தம்பி?"

"சீவலைம்மா. ரெண்டுமே."

அடுப்படி வாசலில் நாத்தனார் வந்து நின்றார். "எனக்கு எப்பவோ தெரியும்" என்றார் தமிழில்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒண்ணத் தூக்கி வேற தொட்டியில போட்டிருப்பீங்க."

அவ்வளவுதான். அப்புறம் சௌராஷ்டிரத்தில் பிடித்துக்கொண்டது பாருங்கள்! அம்மாவின் குரல் ஏற, நாத்தனாரின் குரல் அதற்கு மேல் ஏற, நடுவில் ஒரு டம்ளர் உருண்டது. போச்சு, இப்போதுதான் கிடைத்த வீடு இப்போதே போச்சு என்று நினைத்தேன். எங்க வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்து, "ரெண்டு பேருமே விடமாட்டேங்குறாங்க" என்றார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்தேன்.

அது அடங்குவதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கொழுந்தனார். வெள்ளைச் சட்டை, தங்கக்கலர் வாட்ச். சண்டைச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு ஏகக் குஷி. எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே ஆரம்பித்தார்.

"தெருமுனை வரைக்கும் கேக்குது. எதுக்கு அண்ணி இது? துணைக்கு ஒரு ஆம்பளை இல்லாம, ரெண்டு பொம்பளைங்க தனியா, இம்புட்டுப் பெரிய வீட்ட வச்சுக்கிட்டு? வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் நிம்மதியா இருங்க." எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க தையோட காலி பண்றீங்கள்ல? சாவிய என்கிட்டக் குடுத்துருங்க" என்றார்.

எங்க வீட்டுக்காரர் சரி என்று சொல்லித் தொலைத்துவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது.

"இல்லைங்க. நாங்க ஜோடி" என்றார்.

கொழுந்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா எழுந்து அவருக்கு முக்காலியை நகர்த்தி வழிவிட்டார். "தனியாவா இருக்கோம்? இங்க வாங்க. இந்த ரெண்டும் பொட்டைதான். மேல்வீட்டுத் தம்பி இப்பத்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு. ஆம்பளைத் துணை கிடையாது. அந்தச் சிலேட்ட மட்டும் எடுத்து என் கையில குடுத்துருங்க. நாளைக்கே வீட்ட வித்துருவோம்" என்றார்.

"என்ன அண்ணி வெளையாட்டு?" என்று சிரித்தார் அவர். வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சட்டைக் கையைச் சுருட்டி, ஒரு சின்ன மீன்தானே என்ற அலட்சியத்தோடு கையை உள்ளே விட்டார். சிலேட்டைத் தொட்டிருக்கமாட்டார். இடது பக்கமிருந்து ஒன்று, வலது பக்கமிருந்து ஒன்று, விசுக்கென்று வந்து விரலில் கொத்தின.

"ஆத்தாடி!" என்று கையை உருவினார் பாருங்கள், அரைத் தொட்டித் தண்ணீர் அவர் சட்டையில். ரத்தம் ஒன்றும் வரவில்லை. அந்த மீனுக்குப் பல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் மனிதர் பேயைப் பார்த்தவர் மாதிரி விரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். நாத்தனார் தரை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். துடைத்துக்கொள்ளவா, துடைக்கவா என்று தெரியாமல் அதை அங்கேயே போட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம்வரை வீட்டு விஷயமாக அவர் படியேறவில்லை.

"ஒரு ஆண் மீன் வாங்கி விடட்டுமாம்மா? குஞ்சு பொரிக்கும்" என்று எங்க வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு? வந்தா இதுல ஒண்ண ஓரங்கட்டிரும். வேண்டாம் தம்பி" என்றார் அம்மா. வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். முட்டைகள் வெளுத்துவிட்டிருந்தன. இரண்டு மீனும் ஒன்றொன்றாகத் தின்றுகொண்டிருந்தன. அம்மா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அந்தப் பழைய வார்த்தையை அவரால் சொல்ல முடியாதே, நாம்தானே அதையும் பிடுங்கிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

நாத்தனார் அடுப்படியிலிருந்து தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி எடுத்துவந்து அம்மாவின் மடியில் வைத்தார்.

"மொதப் பிரசவம். அப்படித்தான் இருக்கும்" என்றார். "சாப்பிடுங்க."

அம்மா தட்டைத் தள்ளவில்லை. ஒரு வாய் போட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று சௌராஷ்டிரத்தில் ஆரம்பித்தார். அது எனக்குப் புரிந்தது.